ஆள் எடுக்கும் இயந்திரம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால், தப்பிக்கப் பார்க்கிறான் என்பீர்கள். ‘ளை’ என்ற ஒரே ஒரு எழுத்திலிருந்து வந்தது. ள-வின் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி வைத்தால் ளை. தும்பிக்கையை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தால் ள். அச்சில் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் ஒரு மனிதரின் வேலை இருந்தது.

நடந்தது 1966-ல். இப்போது 1969. மூன்று வருடமாகத் தொடங்கித் தொடங்கி நிறுத்துகிறேன். முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

“தஞ்சோங் பகாரில் கப்பல்கள் வரிசையாக நின்றன. கடற்காற்றில் உப்பு—”

கடற்காற்றில் உப்பு இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா? அடித்துவிட்டேன். இரண்டாவது:

“இயந்திர மனிதன் எப்படி வேலை செய்கிறான் என்பதை எளிய தமிழில் விளக்கிவிடலாம் என்று பசுபதி நினைத்தான். அவனுக்கு அப்போது—”

இதுவும் ஆகாது. பசுபதி நான்தான். என்னையே ‘அவன்’ என்று எழுதியபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது.

ஆகவே நேராகச் சொல்கிறேன். தஞ்சோங் பகார் துறைமுகத்துப் பக்கம் கப்பல் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. (பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.) ஞாயிறுதோறும் வரும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் அறிவியல் பக்கமும் எழுதி வந்தேன். சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் சாவி கொடுத்தால் நடக்கும் ஜப்பான் தகரப் பொம்மைகள் வந்திருந்த நேரம். இயந்திர மனிதனைப் பற்றி எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரு கட்டுரை கேட்டார் ஆசிரியர். எழுதினேன். அதன் கடைசி வரியில்தான் இந்தக் கதை இருக்கிறது.

2

கட்டுரை இல்லாமல் கதை புரியாது. ஆகவே அதிலிருந்து சில பத்திகள். (கதை படிக்க வந்தவர்களுக்குப் பாடம் எடுக்கிறானே என்று எரிச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தகரப் பொம்மை இயந்திர மனிதன் அல்ல, அதற்கு முகம் மட்டும்தான் இருக்கிறது என்று தொடங்கியிருந்தேன். சுவரில் முட்டினாலும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கும். அதே கடையில் பக்கத்து அலமாரியில் மின்சாரச் சோற்றுப் பானை இருக்கிறது. அதற்குக் கையும் இல்லை, முகமும் இல்லை. ஆனால் இயந்திர மனிதனுக்கு அதுதான் நெருங்கிய சொந்தம். அடியில் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சின்னத் தகடு. தண்ணீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். இரண்டு உலோகமும் ஒரே அளவு விரிவதில்லை என்பதால் தகடு வளையும். வளைந்ததும் ஸ்விட்ச் விழும். சோறு வெந்ததைப் பானை உணர்கிறது, முடிவு செய்கிறது, செயல்படுகிறது. உணர்வது, முடிவெடுப்பது, செய்வது. எந்த இயந்திர மனிதனைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இந்த மூன்றுதான்.

ஆனால் பானை ஒரே ஒரு முறைதான் முடிவெடுக்கும். அடுத்த படி இருக்கிறது. தான் செய்ததைத் தானே பார்த்து, பிசகியிருந்தால் சரிசெய்து, மறுபடி பார்த்து, மறுபடி சரிசெய்வது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு. தமிழில் ஒன்று தேடி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ‘திருத்தம்’ என்று போட்டேன். இப்போது அந்தச் சொல்லைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்பது பின்னால் தெரியும்.

உதாரணமாக ஓர் இரும்பு வெட்டும் இயந்திரத்தை விளக்கியிருந்தேன். ஒரு பக்கம் மேஜை. மேஜை மேல் காகிதம், அதில் கறுப்பு மையில் ஒரு கோடு. மறுபக்கம் கப்பலுக்கான இரும்புத் தகடு, அதன் மேல் கேஸ் சுடர். இரண்டையும் ஒரே சட்டம் இணைக்கிறது. காகிதத்தின் மேல் ஒளி உணரும் கண் ஒன்று நகர்கிறது. கண் போகிற வழியில் சுடரும் போகிறது, தகடு அந்த வடிவத்தில் வெட்டுப்படுகிறது. கண்ணுக்குப் படிக்கத் தெரியாது. கப்பல் என்றால் என்னவென்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தான் பார்க்கும் இடத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை இருக்க வேண்டும். வெள்ளை கூடினால் ஒரு மோட்டார் இந்தப் பக்கம் இழுக்கும். கறுப்பு கூடினால் இன்னொன்று அந்தப் பக்கம் இழுக்கும். இப்படி நொடிக்கு நொடி பிசகி, நொடிக்கு நொடி திருத்திக்கொண்டுதான் அது கோட்டின் ஓரத்திலேயே போகிறது.

கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால்? வெறும் வெள்ளையை மட்டும் பார்த்தால் அது நின்றுவிடும். சுடர் அணையும். இல்லாத கோட்டை யூகித்து நிரப்பிக்கொள்ளாது. “மனிதனுக்கு இல்லாத நல்ல குணம் இது” என்று எழுதி, நானே ரசித்து, இரண்டு முறை படித்துக்கொண்டேன்.

(இந்த இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டிருப்பீர்கள்.)

3

எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், எங்கள் பட்டறைக்கே அது வரப்போகிறது என்பதுதான். விளக்கப் புத்தகம் என் மேஜை வழியாகத்தான் எங்கள் பெரிய துரையின் அறைக்குப் போனது. கூடவே ஒரு குறிப்பை மூன்று கார்பன் வைத்து டைப் செய்யச் சொன்னார்கள். கேஸ் வெட்டும் பகுதியில் இப்போது பதினோரு பேர், இயந்திரம் பொருத்தியதும் மூன்று பேர் போதும், மற்ற எட்டுப் பேர் இன்னின்னார். எட்டுப் பெயர்களையும் நான்தான் டைப் செய்தேன். நான்காவது பெயர் வேலாயுதம்.

இது வெளியில் போகக்கூடாது என்று பெரிய கிராணி இராஜசிங்கம் சொன்னார். அவர் என் ஊர்க்காரர், யாழ்ப்பாணம். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதட்டிச் சொல்லவில்லை. என் மேஜை ஓரத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார். அந்த விரல் இன்னும் நினைவிருக்கிறது.

வேலாயுதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தைய வரைவில் அவரை ஒரு அப்பாவியாக எழுதியிருந்தேன்: “வேலாயுதத்துக்கு உலகம் தெரியாது. சொன்னதை நம்புகிற—” நான் செய்ததைப் பார்க்கும்போது அவர் அப்பாவியாக இருந்தால்தான் எனக்கு வசதி. படிக்காதவர், ஏமாந்துவிட்டார், பாவம் என்று முடித்துவிடலாம். உண்மை வேறு. பதினாலு வருடமாகக் கேஸ் வெட்டுகிறவர். சாக்குக்கட்டிக் கோடு போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அரை அங்குலத் தகட்டில் ஒரு வளைவை ஒரே மூச்சில் வெட்டுவார். வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் அரத்தை எடுத்து மறுபடி ராவுவார். உணர்வது, முடிவெடுப்பது, திருத்துவது எல்லாம் அந்தக் கையில் இருந்தது.

அவர் என் அறிவியல் பக்கத்தை வாராவாரம் வெட்டி ஒரு பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். ஒரு முறை நிலவின் தூரத்தில் நான் ஒரு சைபரை விட்டுவிட்டேன். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான். என் எழுத்துக்கு இந்த ஊரில் அவரைவிட நல்ல வாசகர் கிடையாது.

ஆகவே அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். வேலை முடிந்து வாசலைத் தாண்டும்போது காதோடு ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. எனக்குப் பயம். எனக்குத் தெரிந்த வேலை டைப்ரைட்டர் முன்னால் உட்காருவதுதான், அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன்? அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். எச்சரிக்கையைக் கட்டுரையின் கடைசி வரியில் வைத்தேன். பட்டறைப் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை, பொதுவான ஒரு வாக்கியம்:

“இப்படி ஓர் இயந்திரம் வந்த பட்டறையில் அடுத்து ஆளை எடுப்பார்கள்.”

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வந்தது:

“இப்படி ஓர் இயந்திரம் வந்த பட்டறையில் அடுத்து ஆள் எடுப்பார்கள்.”

ஆளை எடுப்பது என்றால் இருக்கிற ஆளை வேலையை விட்டு அனுப்புவது. ஆள் எடுப்பது என்றால் புதிதாக ஆள் சேர்ப்பது. தமிழ் படிக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்கிக்கொண்டிருக்கிறேன், பதற்றத்தில்.

4

திங்கட்கிழமை இராஜசிங்கம் பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“நல்லா எழுதியிருக்கிறீர்” என்றார். “கடைசி வரி எனக்கு நல்லாப் பிடிச்சுது.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

புதன்கிழமை வேலாயுதம் அலுவலக ஜன்னலுக்கு வந்தார். கட்டுரையை வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம். அவர் சொன்னதன் சுருக்கம் இது: ஜூரோங்கில் புதிதாகத் திறந்த ஒரு பட்டறையில் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தூரம்தான், ஆனால் நிரந்தர வேலை. வருகிறேன் என்றோ இல்லை என்றோ சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே இயந்திரம் வருகிறதாம் என்று பேச்சு அடிபட்டதால் போய்விடலாம் என்றுதான் இருந்தாராம். என் கட்டுரையைப் படித்ததும் மனம் மாறிவிட்டது.

“இயந்திரம் வந்தா ஆள் எடுப்பாங்கன்னு நீங்களே எழுதிருக்கீங்களே லா. பதினாலு வருசம் இருந்த இடம். எதுக்கு விட்டுட்டுப் போவணும்?”

கூடவே ஒரு உதவி கேட்டார். மச்சினன் சும்மா இருக்கிறான், ஆள் எடுக்கும்போது அவனையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதித் தர முடியுமா?

இந்த இடத்தில் எந்தக் கதாசிரியனும் என்ன எழுதுவான்? “நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேலாயுதம், அது அச்சுப் பிழை என்றேன்.” நானும் எழுதிப் பார்த்தேன். மூன்று வரைவிலும் எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது.

நடந்தது வேறு. இராஜசிங்கம் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு தாளை எடுத்து டைப்ரைட்டரில் செருகி, மச்சினனுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அழகான ஆங்கிலம், ஒரு பிழை கிடையாது. அனுப்ப வேண்டியதை நானே அனுப்புகிறேன் என்று சொல்லி வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன்.

வேலாயுதம் நன்றி சொல்லிவிட்டுப் போனார். விட்டுப்போன கோட்டை அவர் நல்லெண்ணத்தால் நிரப்பிக்கொண்டு போகிறார் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

[இந்தப் பகுதியின் முதல் வடிவம்: “எல்லாவற்றுக்கும் காரணம் அச்சுக் கோக்கிற ஒலி முகம்மது. அவசரத்தில் ஒரு எழுத்தை—” இதை அடித்துவிட்டேன். அடித்ததை நீங்கள் பார்க்கட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.]

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் பிடித்து டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் இருந்த அச்சகத்துக்குப் போனேன். ஒலி முகம்மது எழுத்துப் பெட்டி முன்னால் நின்று அடுத்த வார இதழைக் கோத்துக்கொண்டிருந்தார். எங்கள் பத்திரிகையின் ஒவ்வொரு எழுத்தும் அவர் விரல் வழியாகத்தான் வரும். போனதும் போகாததுமாகக் கத்தினேன். ஒரு ளை போடத் தெரியாதா, ஒரு எழுத்தால் ஒரு குடும்பமே தெருவுக்கு வரப்போகிறது என்றெல்லாம் ஏதேதோ சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“எங்கிட்ட ளை கம்மிதான், கிராணியாரே. ஆனா உங்க கட்டுரைக்கு வேணுங்கிற ளை இருந்துச்சு.”

ஆணியில் குத்தி வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளில் தேடி, என் கடைசித் தாளை எடுத்து நீட்டினார். என் கையெழுத்து. ‘ஆளை’ என்று எழுதியிருந்தேன். தும்பிக்கையின் மேல் குறுக்காக ஒரு கோடு. ள-வின் தலையில் ஒரு புள்ளி, அழுத்தி வைத்த புள்ளி. இரண்டும் என் பேனாவின் பச்சை மை.

“வெள்ளிக்கெழம இங்கனதான் நின்னீங்க” என்றார் ஒலி முகம்மது. “தாளைக் குடுத்தீங்க. மறுபடி வாங்குனீங்க. பேனாவை எடுத்துத் திருத்திட்டுக் குடுத்தீங்க. நான் என்ன எழுதியிருக்கோ அதத்தான் கோக்க முடியும்.”

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நானே நம்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் இராஜசிங்கம், இந்த வாரம் பத்திரிகைக்கு என்ன எழுதுகிறீர் என்று கேட்டிருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். அந்தக் கேள்வி நாள் முழுக்க என் முதுகில் உட்கார்ந்திருந்தது. அச்சகத்தில் அந்த வரியை முழுதாக அடித்திருந்தால் கோழை என்று பெயர் வந்திருக்கும், எனக்கு நானே வைத்துக்கொள்ளும் பெயர். அப்படியே விட்டிருந்தால் வேலை போயிருக்கும். ஒரு புள்ளி வைத்தால் இரண்டும் இல்லை. யாராவது கேட்டால் நல்ல செய்திதானே எழுதினேன் என்று சொல்லலாம். புத்தியுள்ளவன் படித்தால் புரிந்துகொள்வான் என்று மனத்தைச் சமாதானம் செய்துகொள்ளலாம். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அந்தக் கண் அப்படித்தான் கோட்டோடு போகிறது. நான் என் நாற்காலியோடு போனேன்.

(அடிக்குறிப்பு: முதல் பகுதியில் “அச்சில் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவுதான்” என்று எழுதியிருக்கிறேன். அச்சு என்ற சொல்லை அங்கேயே உள்ளே நுழைத்திருக்கிறேன், பாருங்கள். அச்சுப் பிழை என்று நம்ப உங்களைத் தயார்படுத்தியிருக்கிறேன். இப்போதுதான் எனக்கே தெரிகிறது. திருத்தவில்லை.)

6

முடிவுகள். என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது. வியாழக்கிழமை மாலையே நான் தஞ்சோங் பகார் போய், வேலாயுதத்தின் வீட்டுக் கதவைத் தட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் பாதி உண்மை. பஸ்ஸில் போனேன். இறங்கினேன். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் மூன்றாவது மாடி ஜன்னலில் விளக்கு எரிவது தெரிந்தது. எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இரண்டாவது. இயந்திரம் வருகிறது. துரை முன்னிலையில் ஓட்டிக் காட்டுகிறார்கள். காகிதத்தில் ஒரு தலைமுடி விழுந்து கிடக்கிறது. கண் அதைக் கோடு என்று நினைத்துப் பின்னாலேயே போக, விலையுயர்ந்த தகடு கோணலாக வெட்டுப்படுகிறது. கடைசியில் வேலாயுதத்தைக் கூப்பிட்டு— வேண்டாம். முடி விழுந்தால் ஊதிவிட ஒரு ஆள் போதும். அதற்குத்தான் மூன்று பேரை வைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது. அடுத்த இதழில் கட்டம் கட்டி ஒரு திருத்தம் போடுவது: “சென்ற வாரம் ‘ஆள்’ என்று வெளிவந்ததை ‘ஆளை’ என்று திருத்திப் படிக்கவும்.” ஒலி முகம்மது போடத் தயாராக இருந்தார். ஒரு ளை எடுத்துத் தனியாகவே வைத்துவிட்டார். ஆனால் பத்திரிகை வருவது ஞாயிற்றுக்கிழமை. ஜூரோங்குக்குப் பதில் சொல்ல வேண்டியது சனிக்கிழமை. திருத்தம் என்பது கோட்டை விட்டு விலகிய அந்த நொடியிலேயே நடக்க வேண்டும். தகடு வெட்டுப்பட்ட பிறகு கண் திரும்பிப் பார்த்துப் பயனில்லை. கட்டுரையில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறேன்.

7

இனி நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமை. அரை நாள் வேலை. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதக் கால் மணி நேரம் இருக்கும்போது வேலாயுதம் ஜன்னலுக்கு வந்தார். நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார், கண்ணைச் சுற்றி மட்டும் கரி இல்லை. சட்டைப்பையிலிருந்து கட்டுரைத் துண்டை எடுத்து என் முன்னால் விரித்தார்.

“கிராணியாரே, வீட்டுக்காரி சந்திரமதி இதப் படிச்சா. மெசின் வாங்குறவன் எதுக்கு ஆள் எடுக்கப் போறான், நடுவுல ஒரு எழுத்து விழுந்திருக்கும், போயி எழுதினவரையே கேளுங்கன்னா. அவரு அப்படி விடுறவரு இல்ல லான்னு சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “நெலா தூரத்துல ஒரு சைபர் விட்டீங்கல்ல. அதான் கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்.”

எனக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த டைப்ரைட்டர் நின்றது. இராஜசிங்கத்தின் டைப்ரைட்டர். அவருக்கும் பின்னால் துரையின் அறைக் கதவு திறந்திருந்தது.

வேலாயுதம் என்னைப் பார்த்தார். என் தோளுக்கு மேலே பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. அவரை அப்பாவி என்று எழுதிய வரைவை நான் கிழித்துப் போட்டது இந்தப் பார்வையை நினைத்துத்தான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கட்டுரைத் துண்டின் மேல் வைத்து, என் பக்கம் தள்ளினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீங்க ஒண்ணும் பேச வேணாம். எழுத்து விழுந்திருந்தா எழுதிக் குடுங்க. விழலன்னா அப்படியே குடுத்துருங்க. நான் போயிடறேன்.”

சங்கு ஊதப் பத்து நிமிடம்.

நான் பென்சிலை எடுத்தேன். இது உண்மை. துண்டை இடது கையால் அழுத்திப் பிடித்தேன். இதுவும் உண்மை. அடுத்த வாக்கியத்தை மூன்று வருடமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். தைரியமான முடிவை எழுதினால் என்னை நானே மன்னித்துக்கொள்வதற்கு எழுதுகிறேன் என்று தோன்றுகிறது. கோழையான முடிவை எழுதினால், இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறானே என்று நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், அதற்கும் ஆசைப்பட்டு எழுதுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கமும் மோட்டார் இழுக்கிறது. ஆகவே நிற்கிறேன். நான் அன்று செய்தது வேலாயுதத்துக்குத் தெரியும். இந்தக் கதைக்காக அவருக்கு நான் வைத்த பெயர்தான் வேலாயுதம்; இதைப் படிப்பார், காலண்டர் அட்டையில் ஒட்டுவாரா என்பது தெரியாது.

உங்களுக்கு நான் தருவது அந்தத் துண்டும் பென்சிலும்தான். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் காத்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டர் நின்றுவிட்டது. உங்கள் வீட்டிலும் உலை வைத்திருப்பார்கள். ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறேன். சரியான எழுத்து எது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. எழுதுவீர்களா என்பதுதான் கேள்வி.

இப்படி ஓர் இயந்திரம் வந்த பட்டறையில் அடுத்து ஆ____ எடுப்பார்கள்.